அக்டோபர் மாதத்து 3,500

2025 ஜூன் 1, ஞாயிறு

நாளை பள்ளிக்கூடம் திறக்கிறது. மார்த்தாண்டத்தில் பை, ஷூ, குடை வாங்கியதில் 2,300 ரூபாய் போயிற்று. இவர், என் இப்போதைய வீட்டுக்காரர், ரப்பர் பால்வெட்டில் சம்பாதித்தது. மழை பிடித்தால் வெட்டும் நின்றுவிடும்.

பிள்ளையின் அப்பா பைசா அனுப்பி ஏழு மாதம் ஆகிறது. போனில் கேட்டேன். "நீதான் வேற கல்யாணம் கழிச்சாச்சே, இனி எதுக்கு? முடியலேன்னா பிள்ளையை எங்கிட்ட விடு" என்றார்.

இவர், "அவன் பைசா வேண்டாம், நான் பாத்துக்கிடுதேன்" என்கிறார். மாமியார் பிள்ளையின் இனிஷியலையே மாற்றச் சொல்கிறார்.

ஜூன் 4, புதன்

தக்கலையில் வக்கீல் அக்காவைப் பார்த்தேன். பிள்ளையின் அப்பா மாதாமாதம் செலவுக்குத் தர வேண்டிய கோர்ட் ஆர்டரில் எனக்கு 3,500, பிள்ளைக்கு 4,500. "உனக்குள்ளது நீ மறுபடி கல்யாணம் பண்ணின அன்னைக்கே போச்சு. பிள்ளைக்குள்ளது போகாது" என்றார். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 144. நம்பர்தான் மாறியிருக்கிறது. பாக்கிக்கு வாரண்ட் கேட்டு மனு போடலாம், ஆனால் அந்தந்த மாதத் தொகைக்கு ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். நவம்பர் முதல் மே வரை 31,500.

மறுமணம் செய்தேன் என்பதற்காக மட்டும் பிள்ளையை என்னிடமிருந்து பிரிக்க முடியாதாம். கோர்ட் பார்ப்பது பிள்ளையின் நலனை. இவர் சட்டப்படி அப்பா ஆக வேண்டுமென்றால் தத்து எடுக்க வேண்டும். அதற்குப் பெற்ற அப்பா சம்மதிக்க வேண்டும், அப்புறம் அவரிடம் செலவுக்கும் கேட்க முடியாது. மாமியாரிடம் இதைச் சொன்னேன். இனிஷியல் பேச்சு அதோடு நின்றது.

ஜூன் 7, சனி

அக்காவிடம் ஒன்றை மறைத்திருந்தேன். கல்யாணம் போன செப்டம்பர் 8. அக்டோபரில் 8,000 முழுதாக வந்தது, பிள்ளையின் அப்பாவுக்கு அப்போது விஷயம் தெரியாது. நான் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பணத்தில்தான் கேஸ் அடுப்பு வாங்கினேன்.

இன்று போனில் சொல்லிவிட்டேன். எனக்குச் சேராத அந்த 3,500-ஐ 31,500-இல் கழித்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். "அது பிள்ளை பைசா. உன் கடனை அதுல எப்படிக் கழிப்பே?" என்றார். சரி. பைசா வரும்வரை பிள்ளையை அவள் அப்பாவிடம் அனுப்பமாட்டேன் என்றதும்தான் நிஜமான திட்டு விழுந்தது. செலவு ஆர்டர் வேறு, பிள்ளையைக் காட்டும் ஆர்டர் வேறு. அனுப்பாமல் இருந்தால் கோர்ட்டை மீறியவள் நானாவேன். எரிச்சலாக இருந்தது. அவர் மீறலாம், நான் மட்டும் ஒழுங்காக இருக்க வேண்டுமா?

ஜூன் 15, ஞாயிறு

வெள்ளிக்கிழமை பத்மநாபபுரம் கோர்ட்டில் மனு போட்டாயிற்று.

காலையில் தக்கலை பஸ் ஸ்டாண்டில் நல்ல மழை. பிள்ளையை அழைத்துப்போக அவள் அப்பா நாற்பது நிமிடம் கழித்து வந்தார். சீட்டுப் பணத்தில் எடுத்த 3,500-ஐக் கவரில் நீட்டினேன்.

"இது என்ன?"

"அக்டோபர்ல எனக்கு அனுப்பினது. எனக்குச் சேராதது."

இரண்டு தடவை எண்ணினார். மனு போட்டதையும் சொன்னேன். முகம் கறுத்தது, பேச்சில்லை. கவரைப் பையில் வைத்துக்கொண்டு பிள்ளையின் பூப்போட்ட குடையை விரித்து அவள் தலைக்கு மேல் பிடித்தபடி நடந்தார்.

ஐந்து மணிக்குக் கொண்டுவிட்டார். பிள்ளை கையில் நேந்திரங்காய் சிப்ஸ். குடையைக் காணோம். பஸ்ஸில் விட்டுவிட்டார்களாம். 350 ரூபாய்க் குடை.