தேய்ந்த அரிவாளுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி

தஞ்சாவூர் அரண்மனை வளாகத்தில் 1951-இல் தொடங்கப்பட்ட கலைக்கூடத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் செப்புத் திருமேனிகளைக் காணவே வருகிறார்கள். இடையணியின் மடிப்பையும் விரல் நுனியின் வளைவையும் கண்டு வியந்து நிற்கும் நாம், அந்த வேலையைச் செய்த கருவி எது, அது இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்பதில்லை. முதலில் மெழுகில் உருவைச் செய்து, அதன்மேல் மண் அச்சு கட்டி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு அந்த இடத்தில் உலோகத்தை வார்ப்பது முறை. சோழர் காலத் திருமேனிகளில் நுணுக்கத்தின் பெரும்பகுதி மெழுகு உருவிலேயே முடிக்கப்பட்டு, வார்த்தபின் உளி படுவது குறைவாகவே இருந்தது என்று கலை வரலாற்று அறிஞர்கள் சொல்வதுண்டு. இன்று சுவாமிமலையில் வேலை செய்யும் ஸ்தபதிகள், காவிரி வண்டல் மண் அச்சை உடைத்து உருவை வெளியில் எடுத்தபின் நாள்கணக்கில் உளியும் அரமுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாடு எளிதில் விளங்கும். மெழுகைச் சீவவும் ஒரு முனை வேண்டும், செம்பைச் சீவவும் ஒரு முனை வேண்டும். படைப்பு காட்சிக்கூடத்துக்கு வந்துவிட்டது, முனையோ பட்டறையிலேயே தேய்ந்து தீர்ந்துவிட்டது.

டெல்டா மாவட்டங்களின் காட்சிக்கூடங்களில் பொதுவாகவே படைப்புகளும் படைக்கலங்களும் முன்னே நிற்கின்றன, உழைத்த இரும்பு ஓரத்தில் கிடக்கிறது என்பதே என் மனத்தாங்கல். இதற்கு யாருடைய அலட்சியத்தையும் முதற்காரணமாகச் சொல்லிவிட முடியாது. படைக்கலம் அழகுக்காகவும் அதிகாரத்துக்காகவும் செய்யப்பட்டு, ஆண்டில் பெரும்பாலான நாள்கள் உறைக்குள்ளேயே இருந்தது. அரிவாளோ ஒவ்வொரு அறுவடைக்கும் ஒரு நூலளவு தன் உடம்பை இழந்தது. தஞ்சை அரண்மனைப் படைக்கலச் சாலையின் கதையை எடுத்துக்கொண்டால், 1855-இல் இரண்டாம் சிவாஜி மன்னர் ஆண் வாரிசின்றி இறந்தபின், பெயரளவில் எஞ்சியிருந்த அரசுரிமையும் கிழக்கிந்தியக் கும்பினி கைக்குப் போயிற்று. ஆயுதங்களில் சிறந்தவை சென்னை அருங்காட்சியகத்துக்குச் சென்றன. எஞ்சியவற்றில் பல உலோக விலைக்கு உடைபட்டன. உடைபடாமல் தப்பிய தஞ்சைக் கட்டாரிகள் இன்று உலகின் பெரிய காட்சிக்கூடங்களில் பெருமையோடு இருக்கின்றன. அவற்றில் பலவற்றின் அலகு ஐரோப்பாவிலிருந்து வந்த வாளின் துண்டு என்பது பலருக்குத் தெரியாது. கப்பலில் வந்த நீண்ட வாளை வெட்டிக் குறுக்கி, முட்டியைக் காக்கும் துளைவேலைத் தகடும் குறுக்குப் பிடியும் கொண்ட நம்மூர்க் கட்டாரியில் பொருத்தினார்கள். தரங்கம்பாடியில் 1620-இல் எழுந்த டேனியக் கோட்டையின் காட்சிக்கூடத்தில் உள்ள வாள்களையும் குத்துவாள்களையும் பார்க்கும்போது, நல்ல இரும்பு எந்தத் திசையிலிருந்து வந்தாலும் அதை வீணாக்காத ஒரு தேசத்தில் நிற்கிறோம் என்ற எண்ணம் எனக்கு வருவதுண்டு.

வீணாக்க முடியாததற்குக் காரணம் மண். காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டலில் நெல் விளையும், வாழை விளையும், வெற்றிலை விளையும். இரும்புத் தாது விளையாது, கல்லும் கிடையாது. பெரிய கோயிலின் கருங்கல்லே வெளியிலிருந்து வந்ததுதான். இரும்பும் அப்படித்தான் மேற்கிலிருந்து வந்தாக வேண்டும். சேலத்துக் கஞ்சமலையில் தாது உண்டு. காவிரியின் துணையாறான நொய்யலின் கரையிலுள்ள கொடுமணலில் இரும்பு உருக்கியதற்கும் மூசை என்னும் மண்கலத்தில் வைத்து உயர்ந்த உருக்கு ஆக்கியதற்கும் அகழாய்வில் சான்று கிடைத்திருக்கிறது. 1830-களில் ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்தபோதும் தாது சேலத்துப் பக்கத்திலிருந்துதான் வந்தது. இப்படித் தொலைவிலிருந்து வரும் பொருள் கீழ்த்தஞ்சையின் ஒரு சிற்றூரை அடைந்துவிட்டால் பிறகு அந்த ஊரை விட்டுப் போவதில்லை. கலப்பைக் கொழு தேய்ந்தால் களைக்கொட்டு ஆகும். களைக்கொட்டும் தேய்ந்தால் கொல்லர் உலையில் வேறோர் இரும்போடு சேர்ந்து இன்னொன்றாகும். ஆகவே முந்நூறு ஆண்டுப் பழமையுள்ள அரிவாள் நம் பக்கத்தில் அரிதாகக் கிடைப்பதில் வியப்பில்லை. அதன் இரும்பு மட்டும், யாரும் அடையாளம் காண முடியாதபடி, நேற்றுவரை புழங்கிய ஏதோ ஒரு கத்திக்குள் இருக்கக்கூடும்.

அந்த உலை ஊரின் அமைப்பிலேயே இடம்பெற்றிருந்தது என்பதற்கு எழுத்துச் சான்று உண்டு. 1010-இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இராசராசன் ஊர்களை அளித்தபோது, வரி நீக்கப்பட்ட நிலங்களைக் கல்வெட்டு வரிசையாகச் சொல்கிறது. ஊர்நத்தம், குளம், ஊடறுத்துப் போன வாய்க்கால், சுடுகாடு என்று வரும் அந்த வரிசையில் கம்மாணசேரியும் வருகிறது. கைவினைஞர் குடியிருப்பு இல்லாமல் ஊர் இல்லை என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கணக்கெழுதி வைத்திருக்கிறார்கள். பிற்காலத்திலும் ஊர்க்கொல்லருக்குக் கூலி காசாகக் கிடைத்ததைவிடக் களத்தில் அளந்த நெல்லாகக் கிடைத்ததே அதிகம். சுதந்திரம் என்று அதற்குப் பெயர். ஆண்டு முழுவதும் கருவிகளைச் செப்பம் செய்து கொடுத்தவருக்கு, அந்தக் கருவி அறுத்த நெல்லிலிருந்தே பங்கு போயிற்று.

டெல்டாவின் சிற்றூர் ஒன்றில், பெயர் சொல்லாமல் விட்டுவிடுகிறேன், ஆர்வலர்கள் சேர்த்து வைத்த சிறு காட்சி அறை இருக்கிறது. மரக்கால், படி, இறைசால், ஏற்றத்தின் உறுப்புகள் ஆகியவற்றுக்கு நடுவே ஒரு கருக்கரிவாள் கம்பியில் தொங்குகிறது. அதன் கீழே ஒட்டியுள்ள அட்டையில் ‘பழங்கால அரிவாள்’ என்பதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. ஆனால் பொறுப்பாளரிடம் கேட்டு அதைக் கையில் வாங்கிப் பார்த்தால் அந்த இரும்பே பேசும். வாயின் ஒரு முகம் வழவழப்பாகவும், மறுமுகம் நெருக்கமான சாய்கோடுகளாகவும் இருக்கும். அந்தக் கோடுகள் ஒவ்வொன்றும் சிற்றுளியை வைத்துச் சுத்தியால் தட்டி, ஒரே இடைவெளியில், கொல்லர் கண்ணளவால் வெட்டியவை. பற்கள் பிடியை நோக்கிச் சாய்ந்திருப்பதால் அரிவாளைத் தன் பக்கம் இழுக்கும்போது மட்டுமே நெல்தாள் அறும். வெட்டரிவாளைப்போல ஓங்க வேண்டியதில்லை. இடக்கையில் பிடித்த முடியளவு தாளைச் சுற்றி வளைத்து ஒரே இழுப்பில் அறுப்பதற்கான வடிவம் அது. கோடு ஒரு முகத்தில் மட்டும் இருப்பதால் வலக்கைக்காரர் அரிவாள் இடக்கைக்காரருக்கு உதவாது. அவருக்குத் தனியாகச் சொல்லித்தான் அடிக்க வேண்டும்.

நான் பார்த்த அந்த அரிவாளில் தேய்மானம் வாயெங்கும் ஒரே சீராக இல்லை. வளைவின் நடுப்பகுதி உள்வாங்கியிருந்தது, நுனிப்பக்கத்துப் பற்கள் கிட்டத்தட்டப் புதிதாகவே இருந்தன. பிடிக்கு அருகில் முதல் இரண்டு விரற்கடை நீளத்தில் பழைய கோடுகளின் மேல் வேறு சாய்வில் புதிய கோடுகள் குறுக்கிட்டன. மழுங்கியபின் ஒருவர் மறுபடி கருக்கு, அதாவது பற்கோடு, வெட்டியிருக்கிறார், அந்தக் கை முதலில் வெட்டிய கை அன்று. பூவரசம் பிடியில் கட்டைவிரல் அழுந்தும் இடம் பள்ளமாகியிருந்தது. பூண் இரும்பு இல்லை, பித்தளை; வேறு எதற்கோ செய்த குழாயை நறுக்கிப் பூணாக்கியிருக்க வேண்டும். பிடியின் அளவு சிறியது. நாற்று நடுவதும் களையெடுப்பதும் போலவே அறுப்பிலும் பெண்களின் உழைப்பு பெரும்பங்கு என்பதை நினைத்துக்கொண்டு அதைப் பிடித்தால், அட்டையில் எழுதப்படாத ஆள் ஒருவர் கண்முன் வருகிறார்.

சாதாரணக் கத்தியையும் வெட்டரிவாளையும் தீட்டும் முறை வேறு. கல் இல்லாத ஊரில் மரப்பலகையின் மேல் வெங்கச்சங்கல் பொடியைத் தூவி அதில் தீட்டுவார்கள். பாளை சீவுகிறவர்களுக்குப் பலகையும் பொடியும் கத்திக்குச் சமமான உடைமை, ஏனெனில் பாளையின் நுனியை நாளும் மெல்லிய சீவலாக எடுக்கும் அலகுக்குச் சவரக்கத்தியின் கூர்மை வேண்டும். அருங்காட்சியகங்கள் பாளைக்கத்தியை வாங்கி வைக்கும்போது இந்தப் பலகையை விட்டுவிடுகின்றன. நடுவில் படகுபோலக் குழிந்துபோன அந்தப் பலகை ஒரு குடும்பத்தின் பல்லாண்டு உழைப்பைக் காட்டும்; அடுப்பெரிக்கப் போய்விட்டால் பிறகு கிடைக்காது.

இந்த மண்ணின் வெட்டுக் கருவிகளில் மிகவும் சிறியதும் மிகவும் விளைவுள்ளதும் எழுத்தாணிதான் என்று நான் கருதுகிறேன். சரசுவதி மகால் நூலகத்தின் ஓலைச்சுவடிகளைப் பார்க்கிறவர்கள் எழுத்தைப் பார்க்கிறார்கள். ஒவ்வோர் எழுத்தும் ஒரு கீறல் என்பதை மறந்துவிடுகிறோம். ஓலையின் மேல்தோலைக் கிழிக்காமல், நாரை அறுக்காமல், மையேறும் அளவுக்கு மட்டும் ஆழமாகக் கீறுவதற்கு முனையின் கூர்மை ஓர் எல்லைக்குள் இருக்க வேண்டும். மிகக் கூரானால் ஓலை பொத்தலாகும். மழுங்கினால் வரி பிசிறும். இடக்கைக் கட்டைவிரல் நகத்தில் ஒரு வெட்டு வைத்துக்கொண்டு, அதில் ஆணியைத் தாங்கவிட்டு, கையை நகர்த்துவதற்குப் பதிலாக ஓலையை நகர்த்தி எழுதுவார்கள். மடக்கெழுத்தாணியில் ஒரு புறம் முனை, மறுபுறம் ஓலையை வாரி நறுக்கும் கத்தி, இரண்டும் கைப்பிடிக்குள் மடங்கிக்கொள்ளும். குண்டெழுத்தாணியின் கனத்த தலை கையின் அழுத்தத்துக்கு உதவும். பெட்டிக்குள் மூடிய நிலையில் மடக்கெழுத்தாணியை வைத்தால் பார்ப்பவருக்கு ஏதோ ஒரு பித்தளைக் குச்சியாகத்தான் தெரியும். பாதி திறந்து, அருகில் ஓர் ஓலை நறுக்கையும் வைத்தால் குழந்தைக்கும் புரிந்துவிடும். இவ்வளவு எளிய காரியம் ஏன் நடப்பதில்லை என்று எனக்குப் புரியவில்லை.

இரண்டாம் சரபோஜி (ஆட்சிக்காலம் 1798 முதல் 1832 வரை) காலத்துக் கண் மருத்துவக் குறிப்புகளும் அதே நூலகத்தில்தான் இருக்கின்றன. நோயுற்ற கண்களை ஓவியமாக வரைந்து சிகிச்சையோடு பதிந்து வைத்த ஏடுகள் அவை. கண்ணுக்குச் சிகிச்சை செய்த கருவி தேய்ந்து மறைந்தாலும் அது தொட்ட இடத்தைக் காகிதம் நினைவில் வைத்திருப்பதற்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு நம் பக்கத்தில் இல்லை.

பாக்குவெட்டியைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். குதிரை, கிளி, பெண்ணுருவம் என்று அலங்கரித்த பாக்குவெட்டிகளைச் சேகரிப்பாளர்கள் போட்டியிட்டு வாங்குகிறார்கள், ஆகவே அவற்றுக்கு ஆபத்தில்லை. என் கண்ணுக்கு அலங்காரத்தைவிடப் பித்தளை உடலில் இரும்பு வாயைப் பொருத்தியிருக்கும் இணைப்பே சுவையானது. வாய் தேய்ந்தால் அதை மட்டும் மாற்றலாம் என்று செய்தவர் எண்ணியிருக்கிறார். அரிவாள்மனைக்கு அந்த அதிர்ஷ்டமில்லை. தேங்காய்த் துருவல் பூவோடு கூடிய பழைய அரிவாள்மனை இன்னும் பல வீடுகளின் பரணில் கிடக்கிறது. மிகவும் சாதாரணம் என்பதால் எந்தக் காட்சிக்கூடமும் கேட்பதில்லை.

காப்பாற்றுவதிலும் சிக்கல் உண்டு. கடலோர ஊர்களில் உப்புக் காற்று. உள்ளூர்களில் ஐப்பசி கார்த்திகை ஈரம். மண்ணிலிருந்து தோண்டியெடுத்த இரும்பில் குளோரைடு உப்பு உள்ளே புகுந்திருந்தால் வெளியில் எவ்வளவு துடைத்தாலும் துரு நிற்காது. காரக் கரைசலில் ஊறவைத்து உப்பை வெளியேற்றி, காற்றின் ஈரப்பதத்தை 20 சதவீதத்துக்கும் கீழே வைத்திருக்கும் மூடிய பெட்டியில், சிலிக்கா ஜெல்லோடு வைக்க வேண்டும். வீட்டிலிருந்து வந்த அரிவாளுக்கு இவ்வளவு தேவையில்லை. உதிரும் துருவை மட்டும் மெதுவாக நீக்கி, டானிக் அமிலம் தடவி நிலைப்படுத்தி, மேலே மெல்லிய மெழுகுப் பூச்சு கொடுத்தால் போதும். தேங்காய் எண்ணெய் தடவுவது புழங்கும் கருவிக்கு நல்லது. காட்சிப் பொருளுக்கு ஆகாது, நாளடைவில் தூசியைச் சேர்த்துப் பிசுக்காகிவிடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கெடுதல் பளபளப்பு. காட்சிக்கு வைக்கும் முன் அழகு பார்த்துச் சாணை பிடித்த அரிவாள்களையும், கறுப்பு வண்ணம் அடித்த அரிவாள்களையும் நான் பார்த்திருக்கிறேன். சாணைக்கல்லில் ஒரு நிமிடம் வைத்தால் பல்லாண்டுத் தேய்மானம் போய்விடும். எந்தக் கை பிடித்தது, எத்தனை கொல்லர்கள் தொட்டார்கள், நெல்லை அறுத்ததா கோரையை அறுத்ததா என்பதெல்லாம் வாயில்தான் பதிந்திருக்கிறது.

இப்போது வயலில் பெல்ட் போட்ட அறுவடை வண்டி ஓடுகிறது. ஆனாலும் வண்டி திரும்ப முடியாத மூலைகளிலும், வரப்போரத்திலும், மழையில் படுத்துவிட்ட பயிரிலும், முறியாத வைக்கோல் வேண்டும் என்று கேட்கிறவர்களின் துண்டு நிலத்திலும் கருக்கரிவாள் இன்னும் இறங்குகிறது. கருக்கு வெட்டத் தெரிந்த கொல்லர்கள் அங்கங்கே இருக்கிறார்கள். லாரி வில் பட்டையை அறுத்துக் காய்ச்சி அடித்துத்தான் இப்போது பெரும்பாலும் செய்கிறார்கள். உள்ளூரில் ஒரு காட்சி அறை வைத்திருப்பவர்கள் இவர்களில் ஒருவரை அழைத்து, தங்களிடமுள்ள பழைய அரிவாளின் அட்டையை அவர் வாய்மொழியாகவே எழுதிக்கொள்ளலாம். பரணிலிருந்து ஒரு கருவியை எடுத்துக் கொடுக்கும் குடும்பங்கள், துடைக்காமல் கொடுப்பதோடு, அதைக் கடைசியாகப் பிடித்தவர் வலக்கைக்காரரா இடக்கைக்காரரா, எந்த வேலைக்கு வைத்திருந்தார், எந்த ஊர் உலையில் அடித்தது, பிடி எப்போது மாற்றியது என்ற நான்கு விவரங்களை ஒரு தாளில் எழுதிப் பிடியோடு நூலால் கட்டிக் கொடுத்தால் பெட்டியில் எழுதுவதற்கு வேண்டியது கிடைத்துவிடும்.