பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஓர் அறை, எங்கள் ரேஷன் கார்டில் ஆறு பேர்

ஜெராக்ஸ் கடையைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் 2021 மே மாதம்தான் ஞாபகம் வருகிறது. கையில் ரேஷன் கார்டை வைத்துக்கொண்டு, பூட்டியிருந்த ஷட்டரையே பார்த்தபடி நின்ற ஒரு காலை.

நான் கிருஷ்ணகிரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். பையனுக்கு அப்போது நான்கு வயது. கணவருக்குக் காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ் ஃபேக்டரியில் பாய்லர் வேலை. மே மாதம் என்றால் எங்கள் பக்கம் பெங்களூரா மாங்காய் லாரி லாரியாக வந்து இறங்கும், கூழ் ஃபேக்டரிகள் ராத்திரி பகலாக ஓடும். வருஷத்தில் இரண்டு மூன்று மாதம்தான் சீசன். அதில் லீவு கேட்டால் அடுத்த வருஷம் கூப்பிட மாட்டார்கள். என் பக்கம் கோவிட் வார்டு. அதில் லீவு என்ற பேச்சுக்கே இடமில்லை.

மே 10 அதிகாலையில் ஊரடங்கு தொடங்கியது. இரண்டு நாள் முன்னால்தான் நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆரம்பித்திருந்தார்கள். காசு கொடுக்காமல் ஒரே ஒரு தடவை ஏறி இறங்கினேன், அப்புறம் பேருந்தே இல்லை. அங்கன்வாடி முந்தைய வருஷம் மார்ச்சில் மூடியது மூடியதுதான். பையனைப் பக்கத்து வீட்டு அக்காதான் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோவிட் வார்டு போட்டது தெரிந்ததும், "தப்பா எடுத்துக்காத கண்ணு, எங்க வீட்டுல சர்க்கரைக்காரங்க இருக்காங்க" என்று கையைப் பிசைந்தார். அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

அந்த வாரமே மேட்ரன் ஒரு நல்ல செய்தி சொன்னார். மருத்துவமனையோடு இருக்கும் நர்சிங் ஸ்கூல் மாணவிகளை ஊருக்கு அனுப்பிவிட்டதால் வகுப்பறைகள் சும்மா கிடக்கின்றன. அதில் ஒன்றைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கலாம். ஹாஸ்டலில் இருந்த இரண்டு ஆயாக்கள் பார்த்துக்கொள்வார்கள். பன்னிரண்டு பிள்ளைகளுக்குத்தான் இடம். டியூட்டி ரூமில் ஒரு நிமிஷம் எல்லாரும் கை தட்டினோம். அடுத்த நிமிஷமே ஆளாளுக்கு மனசுக்குள் பன்னிரண்டை எண்ண ஆரம்பித்துவிட்டோம்.

கேட்ட காகிதங்களில் டியூட்டி ரோஸ்டர், பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை மூன்றும் ஒரே நாளில் முடிந்தன. மாட்டிக்கொண்டது ரேஷன் கார்டு நகலிலும், கணவர் வேலை செய்யும் இடத்திலிருந்து வாங்க வேண்டிய கடிதத்திலும். அப்பா அம்மா இரண்டு பேருமே அத்தியாவசிய வேலையில் இருக்க வேண்டும், வீட்டில் வேறு பெரியவர்கள் இருக்கக் கூடாது என்பது விதி. யார் போட்ட விதி என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை.

ஆபீஸில் இருந்தவர் என் ரேஷன் கார்டை மூக்குக்கு நேரே பிடித்துப் படித்தார். "ஆறு பேர் இருக்கீங்க சிஸ்டர். நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போனாலும் மூணு பெரியவங்க வீட்டுல இருக்காங்களே. அப்புறம் எதுக்கு இடம்?"

அந்த மூன்று பெரியவர்களில் ஒருவர் என் மாமனார். 2019இல் தவறிவிட்டார். இன்னொருவர் மாமியார். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் வராமல் படுத்திருக்கிறார். அவருக்கே ஒரு ஆள் வேண்டும். மூன்றாவது கொழுந்தனார். பெங்களூரில் வேலை, பொங்கலுக்கு வந்து போனதோடு சரி. இதை நான் சொல்லி முடித்ததும் அவர் கேட்ட ஒரே கேள்வி: "இறந்தவர் பேரு கார்டுல ஏன் இருக்கு?"

நியாயமான கேள்விதான். பதில் சொல்லத்தான் கூச்சமாக இருந்தது. அலைச்சலுக்குச் சோம்பல், அதோடு அரிசி குறையுமோ என்ற சின்னக் கணக்கும் இருந்தது. எங்கள் தெருவில் பாதிக் கார்டுகளில் இப்படி யாராவது ஒருவர் இன்னும் உயிரோடு இருப்பார்.

இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இறப்புச் சான்றிதழை அரசு இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ள முடிந்தது, அதற்காக நகராட்சிக்குப் போகத் தேவைப்படவில்லை. ரேஷன் கார்டில் உறுப்பினர் நீக்கத்துக்கும் இணையத்திலேயே விண்ணப்பம் போடலாம். அது ஏற்கப்பட நாளாகும், அதுவும் அப்போது எல்லாரும் 2,000 ரூபாய் நிவாரணம் கொடுப்பதில் மும்முரமாக இருந்தார்கள். ஆனால் விண்ணப்பம் போட்டதற்கு ஒரு எண் வரும் பாருங்கள், அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கொடுத்தால் நம் ஊர் மேசைகள் பாதி சமாதானம் ஆகிவிடும். என் விஷயத்தில் ஆனது. மாமியாருக்கு எங்கள் டாக்டரே சான்று எழுதிக் கொடுத்தார். கொழுந்தனார் கம்பெனி அடையாள அட்டையைப் படம் எடுத்து அனுப்பினார்.

அச்செடுப்பதுதான் கஷ்டம். மே 24 முதல் தளர்வே இல்லாத ஊரடங்கு. மளிகைக் கடையே மூடியிருக்கும்போது ஜெராக்ஸ் கடைக்கு எங்கே போவது? எங்கள் பில்லிங் கவுன்ட்டரில் இரவு டியூட்டி பார்த்த பெண்தான் கைகொடுத்தாள். கூட்டம் அடங்கிய பிறகு பதினோரு பக்கமும் எடுத்து ஸ்டேப்பிள் அடித்துக் கொடுத்தாள். அவளுக்கும் மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை உண்டு. அவளும் விண்ணப்பித்திருந்தாள்.

அடுத்து மாங்கூழ். ஃபேக்டரி கடிதத்தைக் கொடுத்தபோது ஆபீஸில் இருந்தவர் சிரித்தேவிட்டார். "மாங்காய் எப்படிங்க அத்தியாவசியம்?" உணவுப் பொருள் தயாரிக்கும் ஆலைகளுக்கு ஊரடங்கில் விலக்கு இருந்தது. அதனால்தானே என் கணவரைப் போலீஸ் தினமும் வேலைக்கு விடுகிறது என்று சொன்னேன். சரி, ஒப்புக்கொண்டார். ஆனால் கடிதத்தில் ஷிப்ட் நேரம் இல்லை, சீலும் இல்லை.

கணவருக்கு ஷிப்ட் நடுவே ஆபீஸ் பக்கம் போக விடமாட்டார்கள். என் வார ஓய்வு நாளில் நானே வண்டியை எடுத்தேன். ரவுண்டானாவில் போலீஸ் நிறுத்தினார்கள், ஐடி கார்டைக் காட்டினேன், "போங்க சிஸ்டர்" என்று விட்டார்கள். ஃபேக்டரி வாசலில் லாரி வரிசை, ஈ மொய்க்கும் மாங்காய் வாசனை, உள்ளே விடாத செக்யூரிட்டி. ஒரு மணி நேரம் வெயிலில் நின்று கடிதம் வாங்கினேன். ஷிப்ட் நேரம் இருந்தது, சீல் பளிச்சென்று இருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் கணவரின் இனிஷியல் தப்பு! வாசலிலேயே படித்திருக்க வேண்டாமா? கையில் வாங்கிய இடத்திலேயே எழுத்தெழுத்தாகப் படியுங்கள். கூச்சப்படாதீர்கள். எனக்கு இன்னொரு பயணமும் இரண்டு நாளும் வீணாயின.

இதற்கிடையே வாட்ஸ்அப் குழுவில் தனி யுத்தம். கோவிட் வார்டில் இருப்பவர்களின் பிள்ளைகளைத் தனி அறையில் வையுங்கள் என்று பார்மஸியிலிருந்து ஒருவர் எழுதினார். நாங்கள் போகாவிட்டால் அந்த வார்டுக்கு யார் போவது என்று நான் சூடாகப் பதில் போட்டேன். லேப் டெக்னீஷியன் ஒருத்தியின் கணவர் ஐடி வேலை, வீட்டிலிருந்தே பார்க்கிறார். "அவர்தான் வீட்டுல இருக்காரே" என்று பத்துப் பேர் அவள்மேல் பாய்ந்தோம். இரண்டு வயதுப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு மீட்டிங் பேசுவது எப்படி என்று அவள் கேட்டதற்கு யாரும் பதில் போடவில்லை, நானும்தான். ஒரு டாக்டரின் பிள்ளைக்கு மட்டும் காகிதம் எதுவும் வராமலே இடம் போயிருந்தது தெரிந்தபோது குழு இரண்டு நாள் அமைதியாக இருந்தது.

என்கூட நர்சிங் படித்தவள் இங்கிலாந்தில் இருக்கிறாள். அவளிடம் புலம்பினேன். அங்கே 2020 மார்ச் 23 முதல், முக்கியப் பணியில் இருப்பவர்களின் பிள்ளைகளுக்கும் பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளைகளுக்கும் மட்டும் பள்ளிக்கூடத்தையே திறந்து வைத்திருந்தார்கள். ஆகா, அரசே செய்கிறதே என்று பொறாமைப்பட்டேன். "அடி போடி, இங்கேயும் இதே சண்டைதான்" என்றாள். அப்பா அம்மாவில் ஒருவர் முக்கியப் பணியில் இருந்தால் போதும் என்று அரசு சொல்லியும், 2021 ஜனவரியில் மறுபடி மூடியபோது கூட்டம் அதிகமாகி, அவள் பையன் படித்த பள்ளியில் இரண்டு பேருக்கும் கடிதம் கேட்டார்களாம். வீட்டில் வைத்துக்கொள்ள முடிந்தவர்கள் ஏன் அனுப்புகிறார்கள் என்று பெற்றோர்கள் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டார்களாம். கேட்கக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்?

பட்டியல் வந்தபோது பையனுக்கு ஒன்பதாவது இடம். அன்று இரவு வீட்டில் பாயசம் வைத்தேன்.

பில்லிங் பெண்ணின் பெயர் அதில் இல்லை. கணவரை விட்டுப் பிரிந்து இரண்டு வருஷமாகத் தனியாக இருப்பவள் கணவரின் வேலைக் கடிதத்துக்கு எங்கே போவாள்? அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தாள். ஆகவே 'முழுமையற்ற விண்ணப்பம்'. என் பதினோரு பக்கத்தையும் ஸ்டேப்பிள் அடித்த கை அது. இரண்டு பேருமாக மேட்ரனிடம் போனோம். மேட்ரன் படிவத்தைப் பார்த்தார், அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் கையெழுத்து வைத்தார். அவ்வளவுதான், பத்து விநாடி. தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்கள் காலிக் கட்டத்தோடு ஆபீஸ் மேசைக்குப் போகாதீர்கள். கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ளவரிடம் நேராகப் போங்கள்.

ஹவுஸ்கீப்பிங் அக்காவுக்கு மட்டும் நடக்கவில்லை. பிபிஇ கிட்டுகளை மூட்டை கட்டி வெளியே எடுத்துப் போனது அவர்தான். எங்களுக்கு முன்னால் வார்டுக்குள் நுழைபவர், எங்களுக்குப் பின்னால் வெளியே வருபவர். ஆனால் கான்ட்ராக்ட் ஆள். "அவங்க நம்ம ஸ்டாஃப் இல்லையே" என்று முடித்துவிட்டார்கள். அவருடைய ஆறு வயது மகள் வண்டி நிறுத்தும் ஷெட்டில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள். குழுவில் அத்தனை சூடாக எழுதிய நான் இதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. பையனின் ஒன்பதாவது இடத்துக்கு ஏதாவது வந்துவிடுமோ என்ற பயம். வெள்ளை அறிக்கை மாதிரி சொல்லிவிட்டேன், திட்டுவதானால் திட்டுங்கள்.

பிறகுதான் ஒரு விஷயம் தெரிந்தது. அப்போது நடப்பில் இருந்த மகப்பேறு நலச் சட்டத்தில் 2017இல் செய்த திருத்தத்தின்படி, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி தர வேண்டும் (2025 நவம்பரில் அந்தச் சட்டம் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது). தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்துவரவும் அனுமதி இருந்தது. எங்கள் இடத்தில் ஐம்பதைத் தாண்டிப் பல மடங்கு ஆட்கள். கொரோனாவுக்கு முன்பே இருந்திருக்க வேண்டிய அறைக்குத்தான் நாங்கள் கை தட்டியிருக்கிறோம்! உங்கள் வேலையிடத்தில் கேட்கும்போது தயவு கேட்பது போலக் கேட்காதீர்கள். சட்டத்தின் பெயரை எழுதி, தேதி போட்டு, ஒரு நகலைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

அறை ஜூன் கடைசி வரை ஓடியது. பையன் அங்கே ஆயாவிடம் பல்லாங்குழி கற்றுக்கொண்டான்.

ஜூலையில் ஒரு நாள் சாயங்காலம் என் போனுக்குக் குறுஞ்செய்தி வந்தது. உறுப்பினர் நீக்க விண்ணப்பம் ஏற்கப்பட்டது. அதற்குள் அறையையே மூடியாகிவிட்டது. "பாருங்க அத்தை, இப்பத்தான் எடுத்திருக்காங்க" என்று சிரித்துக்கொண்டே படித்துக் காட்டினேன். மாமியாருக்குப் பேச்சு அப்போது கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. சிரிக்கவில்லை. நாக்கைத் திரட்டி மெதுவாகக் கேட்டார்:

"அவர் பேரை எதுக்கு எடுத்தீங்க?"