கிட் லென்ஸுக்கு அடுத்து 50-ஆ, 35-ஆ?

கேமராவோடு வந்த 18-55 மிமீ ஜூம் (கிட் லென்ஸ்) போதவில்லை என்று யாரிடம் சொன்னாலும் உடனே வருகிற பதில், "50 மிமீ எஃப் 1.8 வாங்கிடுங்க." (எஃப் எண் சிறிதாகச் சிறிதாக லென்ஸ் அதிகம் திறக்கும், வெளிச்சம் கூடும்.) விலை குறைவுதான், படமும் நல்ல ஷார்ப். ஆனால் ஏபிஎஸ்-சி (சின்ன சென்சார்) கேமராவில் நாள் முழுக்க மாட்டிக்கொண்டு திரிய அது சரிப்படாது.

அந்தச் சின்ன சென்சாரால் கோணம் குறுகிவிடும். நிக்கான், சோனியில் 1.5 மடங்கு, கேனானில் 1.6 மடங்கு. கேனானில் 50 மாட்டினால் முழு ஃப்ரேமில் (ஃபிலிம் அளவுப் பெரிய சென்சாரில்) 80 மிமீ பார்ப்பது போல. நிற்கிற ஆளைத் தலைமுதல் கால்வரை நெட்டுவாக்கில் எடுக்க ஏறக்குறைய 13 அடி தள்ளி நிற்க வேண்டும். பத்துக்குப் பத்து அறையில் எங்கே போவது? நிக்கானில் 35 மிமீ என்றால் 9 அடியில் முடிந்துவிடும்.

காசு கொடுக்கும் முன் ஒரு சோதனை. கிட் லென்ஸின் ஜூம் வளையத்தை 35-ல் வைத்து, நகராதபடி டேப் ஒட்டி ஒரு வாரம் எடுங்கள். அடுத்த வாரம் 50. எந்த வாரம் டேப்பைப் பிய்க்கக் கை பரபரத்ததோ அந்த லென்ஸ் உங்களுக்கு வேண்டாம். இரண்டு வாரமும் பரபரத்தால் ப்ரைமே (ஜூம் இல்லாத லென்ஸே) வேண்டாம். டாம்ரான், சிக்மாவின் 17-50 எஃப் 2.8 பக்கம் போங்கள்.

35-ல் கிட் லென்ஸ் திறப்பது எஃப் 4.5 வரைதான். டியூப்லைட் வெளிச்சத்தில் ஷட்டர் வேகம் 1/30 நொடி வருகிற இடத்தில் எஃப் 1.8 உங்களுக்கு 1/180 தரும், ஐஎஸ்ஓவை (சென்சாரின் உணர்திறனை) தொடாமலே. கிட் லென்ஸில் விஆர் (நடுக்கக் குறைப்பு) இருக்கிறதே என்பார்கள். அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் பிடிக்கும், ஓடுகிற குழந்தையை அல்ல.

நிக்கான்காரர்களுக்கு ஏஎஃப்-எஸ் டிஎக்ஸ் 35 எஃப் 1.8ஜி, 200 கிராம். மலிவாகக் கிடைக்கிறதே என்று தனக்கென ஃபோகஸ் மோட்டார் இல்லாத பழைய 'டி' வகை லென்ஸை வாங்கிவிடாதீர்கள்: டி3000, டி5000 வரிசை பாடிகளில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது, கையால்தான் திருப்ப வேண்டும். கேனானில் இதற்கு நேர் ஜோடி இல்லை. இஎஃப்-எஸ் 24 எஃப் 2.8 எஸ்டிஎம் 125 கிராம்தான், பாக்கெட்டில்கூட அடங்கும். ஆனால் வெளிச்சத்தில் கிட் லென்ஸைவிட ஒரு ஸ்டாப்தான் (இரு மடங்கு வெளிச்சம்) லாபம்.

வாங்கிய முதல் வாரத்தில் "படமெல்லாம் சாஃப்டா வருது" என்ற புகார் வரும். பெரும்பாலும் லென்ஸ் மேல் தப்பில்லை. 35-ஐ எஃப் 1.8-ல் வைத்து ஒரு மீட்டரில் எடுத்தால் தெளிவாக நிற்பது வெறும் 6 சென்டிமீட்டர். ஆட்டோவில் விட்டால் கேமரா மூக்கைப் பிடிக்கும், கண் போய்விடும். ஒற்றை ஃபோகஸ் புள்ளிக்கு மாற்றி, கிட்டத்துக் கண் மேல் வையுங்கள். எஃப் 2.8-க்கு வந்தால் 9 சென்டிமீட்டர் கிடைக்கும்.

செகண்ட் ஹேண்ட் என்றால் செல்போன் டார்ச்சைப் பின்பக்கம் பிடித்து, முன்பக்கத்திலிருந்து சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். நாலைந்து தூசி இருந்தால் பரவாயில்லை. சிலந்தி நூல் மாதிரி கிளை கிளையாகத் தெரிந்தால் ஃபங்கஸ். பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். நிக்கான் ஜி லென்ஸில் மவுண்ட் பக்கம் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும். நகத்தால் தள்ளிவிட்டால் சட்டென்று திரும்ப வேண்டும். சோம்பலாகத் திரும்பினால் அபெர்ச்சர் (வெளிச்சம் நுழையும் திறப்பு) இதழ்களில் எண்ணெய் கசிந்திருக்கும்.

சென்னை, நாகை மாதிரி கடலோர ஊர்க்காரர்கள் லென்ஸைக் கேமரா பைக்குள்ளேயே மாதக்கணக்கில் விட்டுவைக்காதீர்கள், பஞ்சு ஈரத்தைப் பிடித்துவைக்கும். காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும். ஆரஞ்சு மணிகள் பச்சையானால் ஓவனில் 120 டிகிரியில் ஓரிரு மணி நேரம் வைத்தெடுத்து, ஆறியதும் திரும்பப் போடலாம்.