மக்கும் என்று அச்சிட்ட உறை

ஈரோடு வட்டாரத்தில் மஞ்சள்தூளும் மசாலாப் பொடிகளும் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில், பேக்கிங் பொருள்களைக் கொள்முதல் செய்யும் பொறுப்பில் சில ஆண்டுகள் இருந்தேன். உறையின் விலை, தடிமன், அச்சின் நேர்த்தி, பொடியின் மணம் எத்தனை மாதம் நிற்கும் என்பவைதான் அங்கே என் கவலைகள். உறையைக் கத்தரித்துப் பொடியைக் கொட்டியபின் அது எங்கே போகிறது என்று நான் கேட்டதே இல்லை.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் 14 வகை ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக் பொருள்கள் தடை செய்யப்பட்டபோது எங்கள் பவுச்சுகள் அதில் சிக்கவில்லை. பயன்படுத்திய பிளாஸ்டிக் உறைகளுக்கு உற்பத்தியாளரும் பிராண்டு உரிமையாளரும் பொறுப்பேற்க வேண்டும் என்று 2022 பிப்ரவரியில் ஒன்றிய அரசு விரிவான நெறிமுறைகளை வெளியிட்ட பிறகுதான் முதலாளி என்னை அழைத்து, “மக்கற கவர் கிடைக்குதான்னு பாருங்க” என்றார்.

கிடைத்தது. மணம் சீக்கிரம் போய்விடாத முழு மல்லிக்கு மட்டும் அதை வாங்கினோம். ‘மக்கும்’ என்ற சொல்லைப் பச்சை நிறத்தில் பெரிதாக அச்சிட்டதில் எனக்குச் சற்றுப் பெருமையும் இருந்தது. மீந்த உறைகளில் ஒரு கட்டை, கேன்டீன் கழிவும் வேப்பஞ்சருகும் கொட்டும் எங்கள் உரக்குழியில் போட்டு, சாணக் கரைசல் தெளித்து மூடிவைத்தேன். நான்கு மாதம் கழித்துக் கிளறியபோது வாழையிலை, காய்கறித் தோல், கிழித்துப்போட்ட அட்டை எல்லாம் கறுப்பு மண்ணாகியிருந்தன. உறைகள் மட்டும் அழுக்கேறியிருந்தனவே தவிர, பச்சை எழுத்தைப் படிக்க முடிந்தது.

உறையை விற்றவர் தந்த சான்றிதழை அதன்பிறகுதான் முழுதாகப் படித்தேன். அதில் கண்ட, மக்கும் பிளாஸ்டிக்குக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 17088-இன்படி, ஏறத்தாழ 58 டிகிரி செல்சியஸ் வெப்பம் நிலைக்கும் உரக்குவியலில் 180 நாள்களுக்குள் பொருளின் கரிமத்தில் 90 சதவீதம் கரியமில வாயுவாக மாற வேண்டும். உறையில் பெரும்பகுதியாக இருந்த பாலிலாக்டிக் அமிலம் என்ற தாவரவழி பிளாஸ்டிக், அந்த அளவு வெப்பத்தில் ஈரத்தோடு சேர்ந்தால்தான் விரைவாகச் சிதையத் தொடங்கும். பெரிய உரக்கூடத்தின் குவியல் அந்தச் சூட்டைப் பல வாரம் தாங்கும். எங்களுடையதைப் போன்ற சிறு குழியில் இரண்டொரு நாள் ஏறும் சூடு, ஓரங்கள் வழியாகவே ஆறிவிடும். விற்றவர் பொய் சொல்லவில்லை, எங்கே மக்கும் என்பதைச் சொல்லவில்லை. கேட்காதது என் தவறு.

குழியிலிருந்து எடுத்த உறைகளைக் கழுவி, எங்கள் கழிவு அட்டையை வாங்கும் பழைய பேப்பர் கடைக்காரரிடம் காட்டினேன். கசக்கிப் பார்த்தார், வாளித் தண்ணீரில் போட்டு அமுக்கினார். பாலித்தீன் மிதக்கும், இது மூழ்கியது. தண்ணீர் பாட்டிலை நறுக்கிப் போட்டாலும் மூழ்கத்தான் செய்யும், ஆனால் அதோடு இதைக் கலந்து உருக்கினால் அந்தச் சரக்கே கெட்டுவிடும். “இதை எந்தச் சாக்குலீங்க போடறது?” என்றார். எங்கள் வழக்கமான மசாலா பவுச்சையும் நீட்டினேன். பாலியஸ்டர், அலுமினியத் தாள், பாலித்தீன் என மூன்றையும் ஒட்டிச் செய்த உறை அது. “பிரிச்சுக் குடுத்தீங்கன்னா வாங்கிக்கறனுங்க” என்று சிரித்தார்.

அட்டைப் பெட்டியில் மட்டும் உடனடியாகச் செய்ய முடிந்தது ஒன்று உண்டு. பிளாஸ்டிக் டேப்பை உரிக்க ஆள் கூலி ஆகிறதென்று அவர் விலையைக் குறைத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் தடவி ஒட்டும் காகித டேப்புக்கு மாறியதும் அந்தப் பிடித்தம் நின்றது. முழு மல்லிக்கு ஒரே வகைப் பாலித்தீனால் ஆன உறையைக் கொண்டுவந்தோம். ஒளியும் காற்றும் பட்டால் மிளகாய்த்தூளின் நிறம் வெளுத்துவிடும் என்பதால் அதற்கு மூன்றடுக்கு பவுச்சே தொடர்ந்தது. நான் அந்த வேலையை விட்டு வந்த நாள்வரை அதற்கு மாற்று கிடைக்கவில்லை.