1492ஐ விட எனக்கு 1571தான்

ஏதாவது ஓர் ஆண்டை எடுத்துக்கொண்டு, அப்போது எந்தெந்த ஊரில் என்னென்ன நடந்தது என்று ஒரே தாளில் எழுதிப் பார்ப்பது என் பழக்கம். பாடப்புத்தகத்தில் ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு பாடம். தாளில் எழுதினால்தான் எது எதோடு ஒட்டுகிறது என்று தெரிகிறது.

1492க்கான தாளில் முக்கால்வாசி ஒரே அரசவை வேலை, ஸ்பெயினுடையது. ஜனவரி 2 அன்று அங்கே முஸ்லிம்கள் ஆண்ட கடைசி அரசான கிரனாடா, இசபெல்லா–ஃபெர்டினாண்ட் அரச தம்பதியிடம் சரணடைகிறது. மார்ச் 31 அன்று யூதர்களை வெளியேற்றும் ஆணை. ஏப்ரலில் கொலம்பஸோடு ஒப்பந்தம். ஆகஸ்ட் 3 அன்று பாலோஸிலிருந்து மூன்று கப்பல்கள் கிளம்புகின்றன.

அந்தக் கப்பல்களில் என் கண் போவது லூயிஸ் தே தோரெஸ் மேல். யூதராக இருந்து கிறித்தவரானவர். எபிரேயமும் அரபும் தெரியும் என்பதால் மொழிபெயர்ப்பாளராகச் சேர்த்துக்கொண்டார்கள். ஆசியாவுக்குத்தானே போகிறோம், அங்கே அரபு தெரிந்தவர் யாராவது இருக்க மாட்டாரா என்ற கணக்கு. கியூபாவில் இறங்கியதும் கொலம்பஸ் இவரையும் இன்னொருவரையும், மன்னரைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று உள்ளே அனுப்பினார். அவர்கள் பார்த்தது ஐம்பது வீடு கொண்ட ஒரு ஊர். அரபு அங்கே யாருக்குத் தெரியும்? கொலம்பஸ் தேடிய மகா கானின், அதாவது மங்கோலியப் பேரரசரின், வம்சம் சீனாவில் ஆட்சியை இழந்தது 1368இல். அதற்கு 124 ஆண்டுகள் கழித்து அவரைப் பார்க்கப் புறப்பட்டிருக்கிறார்கள்! செய்தியே போய்ச் சேராத உலகம் அது.

அப்புறம் 1571. முதல் பார்வைக்கு இது உதிரி உதிரியாக இருக்கும். மே மாதம் கிரிமியத் தாத்தாரியர் மாஸ்கோவைக் கொளுத்துகிறார்கள். அக்டோபர் 7 அன்று துருக்கியருக்கும் ஐரோப்பியக் கிறித்தவக் கூட்டணிக்கும் லெபாந்தோ கடற்போர். ‘டான் குவிக்ஸோட்’ எழுதிய செர்வாந்தேஸுக்கு இடது கை செயலற்றுப்போனது அங்கேதான். நாகசாகி போர்ச்சுகீசியருக்குத் திறக்கிறது. அக்பர் ஃபதேப்பூர் சிக்ரியைக் கட்டத் தொடங்குகிறார். இவற்றில் ஐரோப்பா கொண்டாடித் தீர்த்தது லெபாந்தோவை. ஆனால் தோற்ற துருக்கியர் ஓராண்டுக்குள் புதுக் கப்பற்படை கட்டிவிட்டார்கள், சைப்ரஸும் அவர்கள் கையில்தான் இருந்தது.

என் கணக்கில் அந்த ஆண்டின் பெரிய செய்தி மணிலா. ஜூன் 24 அன்று ஸ்பானியத் தளபதி லெகாஸ்பி அதை ஸ்பானிய நகரமாக நிறுவினார். ஒரு குடியேற்ற ஊர், அவ்வளவுதானே என்று தோன்றலாம். அதன் இரு பக்கமும் என்ன நடந்துகொண்டிருந்தது என்று பாருங்கள். சீனாவின் மிங் அரசு கடல் வணிகத் தடையை 1567இல் தளர்த்தியிருந்தது. சீனாவில் வரியே மெல்ல மெல்ல வெள்ளிக்கு மாறிக்கொண்டிருந்தது. அவ்வளவு பெரிய நாட்டுக்கு வெள்ளி எங்கிருந்து வரும்? பசிபிக்கின் மறுகரையில், ஆண்டிஸ் மலையில், 4,000 மீட்டர் உயரத்தில் பொட்டோசி வெள்ளிச் சுரங்கம். அங்கே பாதரசம் கலந்து வெள்ளி பிரிக்கும் முறை அந்த 1570களில்தான் வந்து, உற்பத்தி ஏகத்துக்கும் எகிறியது. சுரங்கத்தில் இறங்கியவர்கள் கட்டாய உழைப்பில் சிக்கிய ஆண்டிஸ் மக்கள்.

இலாபம் எங்கே என்றால், ஐரோப்பாவில் ஒரு பங்கு தங்கத்துக்கு ஏறத்தாழ 12 பங்கு வெள்ளி கொடுக்க வேண்டும். சீனாவில் அதில் பாதி போதும், அதாவது வெள்ளிக்கு அங்கே இரு மடங்கு மதிப்பு. வெள்ளி சும்மா இருக்குமா? மெக்சிகோவின் அகாபுல்கோ துறைமுகத்திலிருந்து மணிலாவுக்குக் கப்பலேறியது. சீனாவின் ஃபூஜியன் வணிகர்கள் பட்டும் பீங்கானும் கொண்டுவந்து கொட்டிவிட்டு அதை அள்ளிப்போனார்கள். திரும்பி வரும் கடல்வழியை ஸ்பானிய மாலுமி உர்தானேத்தா 1565இலேயே கண்டுபிடித்துவிட்டதால் போன கப்பல் திரும்பவும் முடிந்தது. அமெரிக்காவும் ஆசியாவும் நேரடியாக, விடாமல் வணிகம் செய்யத் தொடங்கியது இப்படித்தான். உலக வணிகம் பிறந்த ஆண்டே 1571தான் என்று சொல்லும் வரலாற்றாசிரியர்களும் உண்டு.

1492 இல்லாமல் பொட்டோசி ஏது என்று கேட்பீர்கள். சரி, நியாயம். ஆனால் 1492 திறந்தது அட்லாண்டிக் ஒன்றைத்தான். பொட்டோசியில் வெட்டிய வெள்ளி சீன விவசாயியின் வரியாகப் போகும் ஏற்பாட்டுக்கு மணிலா வர வேண்டியிருந்தது. அந்தக் கப்பல்கள் 1815 வரை ஓடின. லெகாஸ்பி அதில் எதையும் பார்க்கவில்லை, 1572இலேயே இறந்துவிட்டார்.