கப்பலுக்கு முதல் நாள் ராத்திரி எங்கே தங்குவது?

சென்னையில் கப்பல் ஏறுவதற்கு வேலூரிலிருந்து அன்றைக்குக் காலையிலேயே கிளம்பினால் போதாதா என்று மச்சான் கேட்கிறார். சுமார் 140 கிலோமீட்டர்தான், ஆனால் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நெரிசலில் மாட்டினால் கப்பல் நமக்காக நிற்காது.

முதல் நாள் சாயங்காலமே காட்பாடியில் ரயிலேறி சென்ட்ரலில் இறங்கிவிடுங்கள். ஓட்டல் எழும்பூரிலோ பெரியமேட்டிலோ பாருங்கள். ஈசிஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலை ரிசார்ட் எல்லாம் படத்தில் அழகுதான், காலையில் பெட்டியோடு ஊரையே கடந்து வரவேண்டும். பாரிமுனை துறைமுகத்துக்கு இன்னும் கிட்டே, ஆனால் கடைவீதி இரைச்சல், பெரியவர்களுக்குத் தூக்கம் கெடும்.

அப்புறம் டாக்சி. ராத்திரியே சொல்லி வையுங்கள், வெறுமனே துறைமுகம் என்று சொல்லாமல் டிக்கெட்டில் எந்த கேட் போட்டிருக்கிறதோ அதையும் சொல்லுங்கள், சரக்கு லாரி போகிற வாசலில் இறக்கிவிட்டால் பெட்டியை இழுத்துக்கொண்டு வெயிலில் நடக்க வேண்டியதுதான். அடையாள அட்டை கைப்பையிலேயே இருக்கட்டும்.