ஒரே லெவல், ஒரே கார்ச்சாம்ப், 56 வித்தியாசம்

ஆகஸ்ட் லீவுக்கு அக்கா மகன் பண்டாரவளையிலிருந்து ரயிலேறி வந்தான். கொட்டகலை ஸ்டேஷனில் இறங்கும்போது நல்ல மழை. குடையை என் கையில் கொடுத்துவிட்டு, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே வீடுவரை நடந்தான். பைக்குள் அவன் அப்பா கத்தாரிலிருந்து அனுப்பிய நின்டெண்டோ சுவிட்ச் கேம் கருவி இருந்தது. தேத்தண்ணி ஆறுவதற்குள் கேள்வி வந்துவிட்டது.

“சித்தி, என் கார்ச்சாம்ப் லெவல் 50. வகுப்புல ஒருத்தன் வெச்சிருக்கிறதும் லெவல் 50. ஆனா எப்பவும் அவனோடதுதான் முதல்ல அடிக்குது. என்னுது அடிக்கிறதுக்குள்ள விழுந்துருது. ஏன்?”

அவன் விளையாடுவது போகிமான் ஸ்கார்லெட்; போகிமான் என்ற கற்பனை உயிரினங்களைப் பிடித்து வளர்த்துச் சண்டைக்கு விடுகிற கேம். கார்ச்சாம்ப் அவற்றில் ஓர் இனம். கார்ச்சாம்ப்புக்கு அவன் வைத்த பெயர் சுறா. கிபிள் என்ற சின்ன வடிவில் இருந்த காலத்தில் பிடித்து, கதை முழுக்கக் கூடவே கூட்டிப்போய் வளர்த்தது. திரையில் சுறாவின் வேகம் 113. “அவனோடது எவ்வளவு?” என்று கேட்டேன். அதையும் குறித்து வைத்திருந்தான்: 169.

இந்தக் கேள்வி எனக்குள்ளும் ஒரு காலத்தில் கிடந்த கேள்வி. நான் ஒன்பதாம் ஆண்டு படிக்கும்போது குவைத்திலிருந்து வந்த மாமா ஒரு கேம் பாய் அட்வான்ஸ் எஸ்பியும் போகிமான் எமரால்டு கேமும் கொண்டுவந்து தந்தார். லயத்தில் எங்கள் காம்பராவில் ஒரே ஒரு பல்ப். அந்த எஸ்பிக்குத் திரையில் சொந்த வெளிச்சம் இருந்ததால் எல்லோரும் படுத்த பிறகும் விளையாட முடிந்தது. யாரிடமும் கேட்க வழியில்லை. சீ.ஆர். கொப்பி ஒன்றில் ஒவ்வொரு லெவலுக்கும் எண்களை எழுதி, எது எதனால் கூடுகிறது என்று நானே தேடினேன். இன்று பள்ளிக்கூடத்தில் கணிதம் கற்பிக்கிறேன். எண்களின் மேல் எனக்குப் பிடிப்பு வந்தது அந்தக் கொப்பியில்தான்.

அதனால் அவனுக்கும் கொப்பியை எடுக்கச் சொன்னேன்.

ஒவ்வொரு போகிமானுக்கும் ஆறு எண்கள்: உயிர், தாக்குதல், தற்காப்பு, சிறப்புத் தாக்குதல், சிறப்புத் தற்காப்பு, வேகம். இந்த ஆறும் நான்கு இடங்களிலிருந்து வருகின்றன. முதலாவது இனத்துக்கான அடிப்படை எண். கார்ச்சாம்ப் என்றால் வேகம் 102; உலகத்தில் எந்தக் கார்ச்சாம்ப்புக்கும் அது மாறாது. இரண்டாவது ஐவி. பிறக்கும்போதே ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 31 வரை விழுகிற எண். மூன்றாவது ஈவி. வளர்க்கும்போது நாம் சேர்ப்பது. ஒன்றில் 252 வரை, ஆறிலும் மொத்தமாக 510 வரை. நான்காவது நேச்சர், அதாவது குணம். மொத்தம் 25 குணங்கள். 20 குணங்கள் ஒரு எண்ணைப் பத்து சதவீதம் கூட்டி இன்னொன்றைப் பத்து சதவீதம் குறைக்கும், மற்ற ஐந்தும் ஒன்றும் செய்யாது. உயிரைக் குணம் தொடவே தொடாது.

சேர்க்கிற விதம் இது. அடிப்படையை இரண்டால் பெருக்கு. ஐவியைக் கூட்டு. ஈவியை நான்கால் வகுத்துக் கூட்டு. வந்ததை லெவலால் பெருக்கி நூறால் வகு, தசமத்தை விட்டுவிடு. ஐந்து கூட்டு. கடைசியில் குணத்தின் பத்து சதவீதம், அதிலும் தசமம் வந்தால் விட்டுவிடு. உயிருக்குக் கடைசிப் பகுதி கொஞ்சம் வேறு. வேகத்துக்கு இதுவே போதும்.

இப்போது சுறாவுக்குப் போடுவோம் என்றேன். அவன் ரெய்டு என்ற கூட்டுச் சண்டையில் கிடைத்த மிட்டாய்களை ஊட்டித்தான் கடைசி இருபது லெவலையும் ஏற்றியிருந்தான். மிட்டாய் லெவலைத்தான் ஏற்றும், ஈவி ஒன்றுகூடச் சேராது. அதற்கு முன் கதையில் சண்டை பிடித்தபோது சேர்ந்தவை வேறு எண்களில் கிடந்தன. வேகத்தில் சுழியம். எண்கள் இருக்கும் பக்கத்தில் எல் பட்டனை அழுத்தினால் ஈவியின் படம் தெரியும். வேகத்தின் மூலை அப்படியே நடுவில் ஒட்டிக்கிடந்தது. குணம் ஹார்டி, ஒன்றும் செய்யாத ஐந்தில் ஒன்று. 113இலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால் ஐவி 12 அல்லது 13 என்று வருகிறது. 12 என்று வைத்துக்கொண்டோம்.

அந்தப் பையனின் கார்ச்சாம்ப்புக்கு 169 வரவேண்டுமானால் ஐவி 31, ஈவி 252, குணம் ஜாலி. மூன்றும் சரியாக இருந்தால்தான் அது வரும். அந்தப் பையன் உழைத்திருக்கிறான் என்றேன். அக்கா மகனுக்கு முகம் சுருங்கிவிட்டது.

“அப்போ சுறாவ விட்டுட்டுப் புதுசா ஒண்ணு எடுக்கணுமா?”

நான் இந்தப் பதிவை எழுதுவதே இந்தக் கேள்விக்காகத்தான். புதிதாக விளையாட வருகிற எல்லோரும் முதலில் கேட்பது ஐவி பற்றித்தான். 31 இல்லாவிட்டால் அந்தப் போகிமான் உதவாது என்று யாரோ சொல்லிவைத்திருப்பார்கள். 113க்கும் 169க்கும் நடுவில் இருக்கிற 56ஐ நாங்கள் பிரித்துப் பார்த்தோம். சுறாவுக்கு வேகத்தில் 252 ஈவி மட்டும் சேர்த்தால் 144. அதில் கூடியது 31. அதோடு குணத்தை ஜாலி ஆக்கினால் 158. அது 14. ஐவியை 12இலிருந்து 31 ஆக்கினால் 169. அது 11.

ஐம்பத்தாறில் நாற்பத்தைந்து, பிறந்த பிறகு நாம் கொடுக்கக் கூடியது. பிறப்பில் வந்தது வெறும் பதினொன்று. அவன் கொப்பியில் அந்த 11ஐச் சுற்றி இரண்டு வட்டம் போட்டான்.

சரி, ஈவியை எப்படிச் சேர்ப்பது? காசு இருந்தால் வேகத்துக்கான கார்போஸ் மருந்தை வாங்கிக் கொடுக்கலாம். ஒன்றுக்குப் பத்து ஈவி, எனவே 26 வேண்டும். பழைய கேம்களில் மருந்தால் நூறு வரைதான் போக முடியும். 2019இல் வந்த சோர்டு, ஷீல்டு முதல் அந்தத் தடை இல்லை. எனக்குச் சண்டை பிடித்துச் சேர்ப்பதுதான் பிடிக்கும். மேஜிகார்ப் என்ற மீன் போகிமான் ஒன்றைத் தோற்கடித்தால் வேகத்தில் ஒரு ஈவி. பவர் ஆங்க்லெட் என்ற பொருளை மாட்டிவிட்டால் கூடவே எட்டு. ஒன்றுக்கு ஒன்பது, 28 மேஜிகார்ப்புக்கு 252. அவன் விரல்விட்டு எண்ணிக்கொண்டே அன்று மத்தியானத்துக்குள் முடித்துவிட்டான். ஒரு விஷயம் மட்டும் கவனம்: அணியில் கூட நிற்கிற மற்ற ஐந்துக்கும் அந்த ஒரு ஈவி போய்ச் சேரும். வேண்டாததை முன்பே பெட்டியில் விட்டுவிட வேண்டும். ஏற்கெனவே தப்பான இடத்தில் சேர்ந்திருந்தால் அதற்கென்று இருக்கிற பழங்களை ஊட்டிப் பத்துப் பத்தாகக் குறைக்கலாம். சுறாவுக்கும் தற்காப்பில் கிடந்ததை அப்படித்தான் கழித்தோம்.

510 என்ற மொத்தத்தை அவனுக்குக் கொழுந்துக் கூடையாகச் சொன்னேன். கூடை நிறைந்தால் அதற்குமேல் பறித்தாலும் வைக்க இடமில்லை. வேகத்துக்கு 252, தாக்குதலுக்கு 252, மிச்சம் 6. நான்குக்கு ஒரு புள்ளி என்பதால் அந்த ஆறிலும் நாலுதான் பயன்படும்.

குணத்துக்கு மின்ட் இருக்கிறது. ஜாலி மின்ட்டை ஊட்டினால் எண்கள் ஜாலிக்கு உரியவையாக மாறிவிடும். கார்ச்சாம்ப்புக்கு ஜாலி நல்ல பொருத்தம், ஏனென்றால் அது குறைப்பது சிறப்புத் தாக்குதலை. சுறாவுக்கு அது தேவையே இல்லை.

அன்று இரவு சுறாவின் வேகம் 158. எங்கள் வீட்டில் முட்டை அவித்துக் கொண்டாடினோம்.

அடுத்த நாள் முட்டை பற்றிய கேள்வி. கேமுக்குள் பிக்னிக் போட்டு, அணியில் சுறாவையும் ஒரு பெண் கியாராடோஸையும் விட்டிருக்கிறான். கூடையைத் திறந்தால் முட்டைகள். பொரித்தால் எல்லாம் மேஜிகார்ப். “அப்பா கார்ச்சாம்ப் தானே சித்தி, ஒரு கிபிள்கூட வரலையே?” குஞ்சு எப்போதும் தாயின் இனம். இரண்டும் டிராகன் என்ற ஒரே முட்டைக் குழுவில் இருப்பதால் சேர முடிந்தது. மேஜிகார்ப் வளர்ந்தால்தான் கியாராடோஸ்; தாய் கியாராடோஸ் என்பதால் வந்தது மேஜிகார்ப். சுறா ஆண் என்பதால் கிபிள் வேண்டுமானால் பெண் கார்ச்சாம்ப் ஒன்று வேண்டும், இல்லையென்றால் எதன் உருவத்தையும் எடுக்கிற டிட்டோ என்ற போகிமான். டிட்டோ எதனோடு சேர்ந்தாலும் மற்றதன் இனம்தான் பிறக்கும். பழம்பெரும் போகிமான்கள், குழந்தைப் போகிமான்கள், இன்னொரு டிட்டோ போன்றவை டிட்டோவோடும் சேராது.

அவனிடம் ரெய்டில் பிடித்த டிட்டோ ஒன்று இருந்தது. ஐவி பார்க்கிற இடத்தில் வேகம் உட்பட நான்கு எண்களுக்கு ‘பெஸ்ட்’ என்று காட்டியது. பெஸ்ட் என்றால் 31. “ரெண்டையும் விட்டா வேகத்துல டிட்டோ மாதிரியே வந்துரும்ல?”

இங்கேதான் எனக்குத் தாத்தா ஞாபகம் வந்தார். தோட்டத்து நர்சரியில் வேலை செய்தவர். பழைய மலைகளில் விதைத் தேயிலை. ஒரே மரத்து விதையை ஊன்றினாலும் ஒரு செடி போல இன்னொன்று இருக்காது என்பார். ஒன்று தடிப்பாகக் கொழுந்து விடும், பக்கத்தில் இருப்பது வாடிக் கிடக்கும். பிறகு வந்தது வீபி. நல்ல செடியிலிருந்து ஒரு இலையோடு துண்டு தண்டை வெட்டிப் பையில் நட்டால், வருவது தாய்ச்செடியின் அச்சு. தலவாக்கலை ஆராய்ச்சி நிலையம் கொடுத்த 2025 என்ற ரகம் எங்கள் பக்கம் நிறைய. (அது வருடம் இல்லை, ரகத்தின் இலக்கம்.) போகிமான் முட்டை விதைத் தேயிலை. வீபி இல்லை. எவ்வளவு நல்ல தாய் தகப்பனாக இருந்தாலும் பிள்ளைக்கு எது போகும் என்பதில் சீட்டுக் குலுக்கல் இருக்கிறது.

சாதாரணமாகத் தாய் தகப்பன் இருவரின் பன்னிரண்டு ஐவிகளிலிருந்து மூன்றுதான் பிள்ளைக்குப் போகும். மற்ற மூன்றும் புதிதாக விழும். பெற்றோரில் ஒன்று டெஸ்டினி நாட் என்ற பொருளை வைத்திருந்தால் மூன்று ஐந்தாகும். 2013இல் வந்த எக்ஸ், ஒய் கேம்களிலிருந்து இப்படி. இதன் வித்தியாசம் எவ்வளவு என்று பார்க்க, இரண்டு பெற்றோருக்கும் ஆறுமே 31 என்று வைத்துக்கொள்வோம். நாட் இருந்தால் பிள்ளைக்கும் ஆறும் 31 வர வாய்ப்பு 32இல் ஒன்று. நாட் இல்லாவிட்டால் 32,768இல் ஒன்று. அந்த எண்ணைக் கொப்பியில் எழுதிவிட்டு அவன் உடனே நாட்டைச் சுறாவுக்கு மாட்டினான்.

டிட்டோவின் வேகம் பிள்ளைக்குப் போகும் வாய்ப்பையும் அவனையே போடச் சொன்னேன். ஆறில் ஐந்து எண்கள் பெற்றோரிடமிருந்து. வேகம் அந்த ஐந்துக்குள் இருக்க வாய்ப்பு 5/6. அது டிட்டோவிடமிருந்து வர பாதி. 5/12. கிட்டத்தட்ட 42 சதவீதம். எட்டாம் ஆண்டுப் பிள்ளை நிகழ்தகவைப் பெருக்கினான், நான் பலகையில் ஒரு வரிகூட எழுதவில்லை. அது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று ஆசிரியர்களுக்குப் புரியும்.

குணத்தைக் கடத்த எவர்ஸ்டோன் என்ற கல். யார் அதை வைத்திருக்கிறதோ அதன் குணம் பிள்ளைக்கு நிச்சயம். எமரால்டில் அப்படி இல்லை. தாயோ டிட்டோவோ வைத்திருந்தால் மட்டும், அதுவும் பாதி வாய்ப்பு. முட்டை பொரிய அடி எண்ணி நகர வேண்டும்; அப்போது நான் பேகான் என்ற போகிமானுக்காக ரூட் 117இல் சைக்கிளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓட்டிக்கொண்டே இருந்தேன். பேகான் முட்டைக்கு நாற்பது சுற்று, சுற்றுக்கு 256 அடி, மொத்தம் 10,240 அடி. உடல் சூடுள்ள ஸ்லக்மா என்ற போகிமானை அணியில் வைத்தால் பாதியாகும் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. கிபிளுக்கும் நாற்பது சுற்றுதான், மேஜிகார்ப்புக்கு ஐந்து. அதனால்தான் அக்கா மகனுக்கு மேஜிகார்ப் முட்டைகள் பொலபொலவென்று பொரிந்தன, கிபிள் முட்டைகள் அசையவே இல்லை. அதேபோல் எரியும் உடல் உள்ள ஒன்றை அணியில் வைக்கச் சொன்னேன்.

கலர் மாறிப் பிறக்கிற ஷைனிக்கும் ஐவிக்கும் சம்பந்தம் உண்டா என்றும் கேட்டான். 1999இல் வந்த கோல்டு, சில்வரில் இருந்தது. இப்போது இல்லை.

பதினேழாவது முட்டையில் வேகம், தாக்குதல், உயிர் மூன்றும் பெஸ்ட் ஆன ஒரு பெண் கிபிள் வந்தது. அதற்குச் சுறாவின் மகள் என்பதால் ‘குட்டி’ என்று பெயர். குட்டி வந்ததும் சுறாவை ஒதுக்கிவிடுவானோ என்று பார்த்தேன். மாறாக, மான்டெனெவெரா என்ற பனி ஊருக்குச் சுறாவைக் கூட்டிப்போனான். ஜனவரியில் நுவரெலியாப் புல்லில் உறைபனி பார்த்தவன் என்பதால் அந்த ஊர் அவனுக்குப் பிடிக்கும். அங்கே நிற்கிற அபோமாஸ்நோ என்ற போகிமானிடம் பாட்டில் கேப் ஒன்றைக் கொடுத்தால், லெவல் 50ஐ எட்டிய போகிமானின் ஒரு எண் ஐவி 31 இருப்பதுபோல் ஆகிவிடும். விடுபட்டிருந்த 11 வந்தது. சுறாவின் வேகம் 169.

திரும்பிப் போகும் நாள், ரயில் வர அரை மணித்தியாலம் இருக்கும்போது ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டான். “இப்போ சுறாவுக்கு முட்டை வெச்சா, இந்தப் புது வேகமும் ஜாலி குணமும் பிள்ளைக்குப் போகுமா சித்தி?”

போகாது. மின்ட்டும் கேப்பும் மேலே பூசியது. பிள்ளைக்குப் போவது பழைய ஹார்டியும் பழைய பன்னிரண்டும்தான். கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, “அப்போ அடுத்த முட்டைக்குத் தாய் குட்டிதான்” என்றான். குட்டியின் குணம் என்ன என்று பார்த்தோம். ரயில் வந்துவிட்டது, எவர்ஸ்டோனை எதற்கு மாட்டுவது என்பதை போனில் பேசிக்கொள்ளலாம் என்று ஏறிக்கொண்டான்.